கூட்டம் வேற, யாவாரம் வேற: கடன் வாங்கி டூர் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



இந்தப் பூஜை லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நம்ம சேனலை ரொம்ப நாளா பாக்குறவங்களுக்குத் தெரியும், எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காடு. பிள்ளைங்க லீவுல போரடிக்குதுன்னாங்க. சரின்னு எல்லாரையும் கார்ல ஏத்திக்கிட்டு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனோம். கூட என் சித்தப்பா மகனும் வந்தான். சென்னையில ஐ.டி. வேலை, வயசு 26, கைக்கு வர்ற சம்பளம் 48,000.

கோட்டையைப் பாத்துட்டு வெளிய ஒரு சின்னக் கடையில சர்பத் குடிச்சோம். லீவு நாள், வேன் வேனா ஆட்கள் வந்துக்கிட்டே இருந்தாங்க. "இன்னைக்கு நல்ல யாவாரமா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன்.

"கூட்டம் வருது தம்பி, யாவாரம் எங்க வருது? வேன்ல எறங்குவாங்க, போட்டோ எடுப்பாங்க, இருபது நிமிசத்துல ஏறிருவாங்க. தண்ணி பாட்டில்கூட தூத்துக்குடியிலயே வாங்கிட்டு வந்திர்றாங்க."

திரும்பி வரும்போது கார்ல தம்பி மெதுவா ஆரம்பிச்சான். "அண்ணே, மே மாசம் தாய்லாந்து போனேன்ல, அந்த லோன் இன்னும் ஓடுது. அதையே டாப்-அப் பண்ணி டிசம்பர்ல வியட்நாம் போலாமான்னு பாக்கேன். உலகமே ஊர் சுத்துது. டூரிசம் என்னமா வளருதுன்னு நீங்கதானே வீடியோல சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். ஆனா பாதிதான் சொல்லியிருக்கேன்னு அப்பதான் உறைச்சது. மீதிப் பாதி அண்ணாச்சி சொன்னதுல இருக்கு. அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை. தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் அவன் கணக்கை இங்க எழுதுறேன்.

முதல்ல உலகக் கணக்கு

1950-ல ஒரு வருஷத்துல வெளிநாட்டுக்குச் சுற்றுலா போனவங்க உலகம் முழுக்க சேர்த்தே சுமார் 2.5 கோடிதான். 2019-ல அது சுமார் 146 கோடி ஆச்சு. கொரோனா வந்த 2020-ல 40 கோடிக்கு விழுந்தது. 2024-ல மறுபடி 140 கோடியைத் தொட்டு, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துருச்சு.

இதுல வளரும் நாடுகளோட பங்குதான் வேகமா ஏறுது. 1980-ல வெளிநாட்டுப் பயணிகள்ல சுமார் 30 சதவீதம் பேர்தான் வளரும் நாடுகளுக்குப் போனாங்க. 2030-க்குள்ள இது 57 சதவீதம் ஆகும்னு ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2011-லயே ஒரு கணிப்பு கொடுத்தது. வளர்ந்த நாடுகளுக்கு வருஷத்துக்கு 2.2 சதவீத வளர்ச்சி, வளரும் நாடுகளுக்கு 4.4 சதவீதம், அதாவது சரியா ரெண்டு மடங்கு வேகம்னு அதுல சொல்லியிருந்தாங்க.

இதுவரைக்கும் தம்பி சொன்னது சரி. ஆனா இதெல்லாம் தலையை எண்ணுற கணக்கு. கல்லாப்பெட்டியை எண்ணினா படம் மாறுது.

உலகத்துலயே அதிக வெளிநாட்டுப் பயணிகள் வர்ற நாடு பிரான்ஸ். 2024-ல சுமார் 10 கோடி பேர். அமெரிக்காவுக்கு வந்தது சுமார் 7.2 கோடி பேர்தான். வருமானம்? அமெரிக்காவுக்கு சுமார் 21,500 கோடி டாலர், பிரான்ஸுக்கு சுமார் 7,700 கோடி டாலர். ஆள் குறைவா வந்த நாடு கிட்டத்தட்ட மூணு மடங்கு சம்பாதிச்சிருக்கு. காரணம் சிம்பிள். அமெரிக்காவுக்குத் தூரத்துல இருந்து வர்றவங்க ரெண்டு மூணு வாரம் தங்குறாங்க. பிரான்ஸுக்குப் பக்கத்து நாட்டுலேர்ந்து கார்ல வந்து ரெண்டு ராத்திரி தங்கிட்டுப் போறவங்க, அப்படியே வேற நாட்டுக்குக் கடந்து போறவங்க நிறைய.

அண்ணாச்சி சொன்ன "கூட்டம் வருது, யாவாரம் வரல"தான் இது. எத்தனை பேர் வந்தாங்கங்கிறதைவிட, எவ்வளவு நேரம் தங்கினாங்க, போகும்போது எவ்வளவு விட்டுட்டுப் போனாங்கங்கிறதுதான் வருமானம்.

நீங்க அவங்களோட கஸ்டமர்

2023 நவம்பர்ல தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம்னு சொல்லுச்சு. அடுத்த மாசமே மலேசியாவும் சொல்லுச்சு. நம்ம மேல பாசம் பொங்கியா? இல்லீங்க. சம்பளம் வாங்குற இளைஞர் கூட்டம் இந்தியாவுல பெருசா இருக்கு, அவங்க செலவு பண்ணத் தயாரா இருக்காங்கன்னு கணக்குப் போட்டு எடுத்த முடிவு. 2024-ல தாய்லாந்துக்கு வந்த சுமார் 3.5 கோடி பேர்ல 21 லட்சம் பேர் இந்தியர்கள். அவங்க கணக்கு தப்பாகல.

அதே வருஷம் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஒரு கோடிக்குக் கொஞ்சம் குறைவு. இந்தியாவுலேர்ந்து வெளிய போனவங்க 3 கோடிக்கும் மேல். வேலைக்குப் போறவங்க, சொந்தக்காரங்களைப் பாக்கப் போறவங்களும் இதுல அடக்கம். ரிசர்வ் வங்கியோட எல்.ஆர்.எஸ். கணக்குப்படி 2024-25 நிதியாண்டுல நாம வெளிநாட்டுக்கு அனுப்பின சுமார் 2,950 கோடி டாலர்ல பாதிக்கும் மேல, சுமார் 1,700 கோடி டாலர், பயணத்துக்கு மட்டும் போயிருக்கு. பிள்ளைங்க படிப்புக்கு அனுப்புற பணத்தைவிட இது அதிகம்.

இதைச் சொன்னதும் சிலர் "வெளிநாடு போறதே தப்பு, நாட்டுப் பணம் போகுது"ன்னு கிளம்பிருவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. உங்க சம்பளம், உங்க இஷ்டம். நம்ம ஊர்லேர்ந்து முதல் தலைமுறையா விமானம் ஏறுறவங்களைப் பாத்தா எனக்குச் சந்தோஷம்தான். வெளிநாட்டுக்காரங்க இங்க வந்து செலவு பண்றதாலயும் நமக்கு டாலர் வருது. 2024-ல அது சுமார் 3,500 கோடி டாலர்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. ஒரு நாட்டுக்கு டூரிசம் வளர்ச்சி, வருமானம். உங்களுக்கு அது செலவு. "டூரிசம் வளருது, அதனால நானும் போகணும்"ங்கிறது, "நகைக்கடை நல்லா ஓடுது, அதனால நான் லோன் போட்டு நகை வாங்கணும்"னு சொல்ற மாதிரி. கடை ஓடுறதுல லாபம் கடைக்காரருக்கு.

இலங்கை சொல்ற பாடம்

பக்கத்துல இருக்குற இலங்கையைப் பாருங்க. 2018-ல அங்க 23 லட்சம் பயணிகள், சுமார் 438 கோடி டாலர் வருமானம். 2019 ஏப்ரல்ல ஈஸ்டர் குண்டுவெடிப்பு. அடுத்த வருஷம் கொரோனா. 2021-ல வந்தது 2 லட்சம் பேர்கூட இல்லை. தேயிலை, ஆயத்த ஆடை, வெளிநாட்டு வேலைக்குப் போனவங்க அனுப்புற பணம், டூரிசம்: இந்த நாலையும் நம்பித்தான் அந்த நாட்டோட டாலர் வரவு. வரிக் குறைப்பு, வெளிநாட்டுக் கடன்னு வேற காரணங்களும் சேர்ந்து 2022 ஏப்ரல்ல கடனைக் கட்ட முடியலைன்னு அறிவிச்சாங்க. 2024-ல பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டிட்டாங்க. ஆனா வருமானம் சுமார் 317 கோடி டாலர்தான், இன்னும் பழைய அளவைத் தொடலை.

சம்பளக்காரங்க பாஷையில சொன்னா, டூரிசம் வருமானம் ஒரு நாட்டுக்கு வேரியபிள் பே மாதிரி. வந்தா சந்தோஷம். அதை நம்பி நிலையான கடன் கட்டுறேன்னு கையெழுத்துப் போட்டா ஆபத்து. உங்களுக்கும் அதேதான். அடுத்த 24 மாசம் இந்த வேலை இருக்கும், இந்தச் சம்பளம் வரும்னு நம்பித்தானே பெர்சனல் லோன் வாங்குறீங்க? ஐ.டி.யில இருக்குறவங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

டூரிசம் பங்குகள், டூரிசம் தீம் ஃபண்டு பத்திக் கேக்குறவங்களுக்கும் இதுதான் பதில். 146 கோடியிலேர்ந்து ஒரே வருஷத்துல 40 கோடிக்கு விழுந்த தொழில் இது. கொஞ்சமா வச்சுக்கங்க, முழு சேமிப்பையும் அதுல போடாதீங்க.

தம்பியோட தாய்லாந்து கணக்கு

இப்போ அவன் கணக்குக்கு வருவோம். ஏப்ரல்ல பெர்சனல் லோன் 1,20,000. பேக்கேஜ் 1,00,000, டி.சி.எஸ். 5,000, கைச்செலவுக்கு 15,000. வட்டி 16 சதவீதம், 24 மாசம்.

மாசத் தவணை 5,876 ரூபாய். மொத்த வட்டி சுமார் 21,000. பிராசஸிங் ஃபீ 2 சதவீதமும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 2,832. அங்க கிரெடிட் கார்டுல 30,000-க்கு ஷாப்பிங். வெளிநாட்டு மார்க்-அப் 3.5 சதவீதம், அதுக்கும் ஜி.எஸ்.டி., மொத்தம் 1,239. கூட்டிப் பாருங்க. ஆறு நாள் டூருக்குக் கூடுதலா 25,000 ரூபாய் போயிருக்கு. அவனோட அரை மாசச் சம்பளம். அந்தக் காசுல அவன் ஒரு இளநிகூடக் குடிக்கல.

இதையே திருப்பிப் போடுவோம். அதே 5,876 ரூபாயை மாசாமாசம் 6.5 சதவீத ஆர்.டி.யில போட்டிருந்தா 20 மாசத்துல சுமார் 1,24,000 கையில இருந்திருக்கும். லோன்ல 24 மாசம் கட்டணும், சேத்து வச்சுப் போனா 20 மாசம் காத்திருக்கணும். வித்தியாசம் அவ்வளவுதான். காத்திருக்குற நேரத்துல ரூபாய் மதிப்பு இறங்கிடுமேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பத்து வருஷம் முன்னாடி ரெண்டு ரூபாய்க்குள்ள கிடைச்ச தாய்லாந்து பாத் இன்னைக்கு ரெண்டரை ரூபாய்க்கு மேல. ஆனா அது வருஷத்துக்கு மூணு நாலு சதவீத ஏற்றம். அதுக்குப் பயந்து 16 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குறது சரியா வராது.

இதுல வட்டிக்கணக்குல வராத ஒண்ணும் இருக்கு. நான் ஊருக்குப் போனது விதைப்பு நேரம். உளுந்து, பாசி போட சித்தப்பா கையில பணம் இல்லை. சித்தியோட வளையலை அடகு வச்சு 35,000 வாங்கியிருந்தாரு. மகன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. "அவனே அங்க வாடகை, சாப்பாடுன்னு கஷ்டப்படுதான், அவங்கிட்டப் போய் எப்படிக் கேக்க"ன்னாரு. தம்பி அதுவரைக்கும் கட்டியிருந்தது ஆறு தவணை. பெருக்கிப் பாத்தா 35,256 ரூபாய். கார்ல இதைச் சொன்னதும் அவன் வியட்நாம் பேச்சை எடுக்கல. கோவில்பட்டி வர்ற வரைக்கும் வேற எதுவுமே பேசல.

அவனைத் திட்டுறதுக்கு இதைச் சொல்லலை. இந்த வயசுல எனக்கும் இப்படி ஒரு லோன் இருந்துச்சு, பைக்குக்கு. நம்ம கடன் நம்மளோட மட்டும் நிக்குறதில்லைன்னு தெரியுறதுக்கு எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு.

வரி விஷயத்துல கவனிக்க வேண்டியது

சி.ஏ. எழுதுற கட்டுரையில இது இல்லாம எப்படி? சுருக்கமா சொல்றேன்.

ஒண்ணு: டி.சி.எஸ். 2025-26 நிதியாண்டுல வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 10 லட்சம் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 20 சதவீதம்னு இருந்துச்சு. இந்த ரேட் அடிக்கடி மாறுது, அதனால புக் பண்ற அன்னைக்கு என்ன ரேட்னு பாருங்க. இது செலவு இல்லை, உங்க பேருல முன்கூட்டியே கட்டின வரி. உங்க வரிக் கணக்குல வரவாத் தெரியும். கம்பெனி உங்க சம்பளத்துல டி.டி.எஸ். பிடிக்குதுன்னா, அதுக்கான ஃபார்ம் கொடுத்தா டி.சி.எஸ். தொகையை அதுல கழிச்சுக்குவாங்க. தம்பிக்குப் புதிய வரிமுறையில வரியே வராது. அதனால ரிட்டர்ன் போட்டாத்தான் அந்த 5,000 திரும்ப வரும். "எனக்குத்தான் வரி இல்லையே, எதுக்கு ரிட்டர்ன்"னு விட்டா போச்சு.

ரெண்டு: வெளிநாட்டுப் பயணத்துக்கு, உங்களுக்கோ வேற யாருக்காகவோ, வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணியிருந்தா, வருமானம் எவ்வளவு குறைவா இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம்.

மூணு: எல்.டி.ஏ. இது பழைய வரிமுறையில மட்டும்தான், அதுவும் இந்தியாவுக்குள்ள போற டிக்கெட் செலவுக்கு மட்டும்தான். வழியில வெளிநாட்டைச் சுத்திட்டு வந்து கேட்டா கிடைக்காதுன்னு 2022 நவம்பர்ல உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு.

நாலு: அங்க கார்டு தேய்க்கும்போது "ரூபாயிலயா, உள்ளூர் பணத்துலயா?"ன்னு மெஷின் கேக்கும். உள்ளூர் பணத்தையே அழுத்துங்க. ரூபாய்னு அழுத்தினா அவங்க வச்ச ரேட்தான்.

அண்ணாச்சி கடைக்குத் திரும்புவோம்

இப்போ என் தப்பைச் சொல்றேன். அன்னைக்கு நாங்க ஏழு பேர் போனோம். பாஞ்சாலங்குறிச்சியில நுழைவுச்சீட்டு, சர்பத் எல்லாம் சேர்த்து நான் செலவு பண்ணது 250 ரூபாய்க்குள்ள. மத்தியானச் சாப்பாடு, ஐஸ்கிரீம், மக்ரூன் எல்லாம் தூத்துக்குடியில. அங்க பில் 3,000-க்கு மேல. ஊர்க்காரனான என் பிளானே அப்படித்தான் இருந்துச்சு.

அந்த இடம் இருபது நிமிஷத்துல முடியுற இடமா சொல்லுங்க? 1799 அக்டோபர் 16-ல கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டாங்க. ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலேர்ந்து தப்பி வந்து 1801-ல கோட்டையைத் திரும்பக் கட்டி மறுபடி சண்டை போட்டாரு. அதையும் பிடிச்சு, இனிமே கோட்டைன்னு ஒண்ணு இருந்த தடமே தெரியக்கூடாதுன்னு இடிச்சுத் தள்ளினாங்க. இப்போ நாம பாக்குறது தமிழ்நாடு அரசு 1974-ல கட்டின நினைவுக்கோட்டை. பக்கத்துலயே வீரசக்கதேவி கோயில். நாலு எட்டு நடந்தா பழைய கோட்டையோட அடித்தளம். இதை நின்னு நிதானமாச் சொல்ல ஊர்க்காரர் ஒருத்தர் இருந்து, அவருக்கு நாம காசு கொடுத்தா, அதுதான் டூரிசம் வருமானம். எத்தனை வேன் வந்துச்சுன்னு எண்ணுறதால ஊருக்கு ஒண்ணும் வராது.

2025 ஜூலையில தூத்துக்குடி விமான நிலையத்துல புது டெர்மினல் திறந்தாங்க. நல்ல விஷயம். அங்கேர்ந்து பாஞ்சாலங்குறிச்சி பக்கம்தான். ஆனா வர்றவங்களை ஒரு ராத்திரி தங்க வைக்குற மாதிரி நம்ம கரிசக்காட்டுல ஏற்பாடு வரலைன்னா, வேன் இன்னும் நாலு கூடுமே தவிர அண்ணாச்சி யாவாரம் கூடாது. அரசாங்கம் செய்யவேண்டியது நிறைய இருக்கு. நாம செய்யக்கூடியதும் ஒண்ணு இருக்கு.

வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூர்ல முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறுங்க, காலையில கோவில்பட்டி. அங்கேர்ந்து கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துல ஒரே மலையை மேலேர்ந்து கீழே குடைஞ்சு, முடிக்காமலே விட்ட வெட்டுவான் கோயில் இருக்கு. பக்கத்துலயே சமணர் சிற்பங்கள். ராத்திரி கோவில்பட்டியில தங்குங்க. மறுநாள் எட்டயபுரத்துல பாரதி பிறந்த வீடு, ஓட்டப்பிடாரத்துல வ.உ.சி. வீடு, பாஞ்சாலங்குறிச்சி, தூத்துக்குடியில ரயில். போகும்போது புவிசார் குறியீடு வாங்கின கோவில்பட்டி கடலை மிட்டாயைத் தயாரிக்கிறவங்க கடையிலயே வாங்குங்க. ஸ்லீப்பர் டிக்கெட், ரெண்டு நாள் கார், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ரெண்டு பேருக்கு 12,000-க்குள்ள முடிச்சிரலாம்ங்கிறது என் கணக்கு. அந்தக் காசுல பெரும்பகுதி இந்த ஊர்கள்லயே தங்கும்.

இதைத் தாய்லாந்துக்குப் பதிலான்னு சொல்லலை. தாய்லாந்துக்குச் சேர்த்துக்கிட்டு இருக்குற அந்த 20 மாசத்துல போயிட்டு வாங்கன்னு சொல்றேன்.

முடிவா என் கருத்து

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கங்க. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி தனியா இருக்கா? டூர் பணம் முழுசும் ஏற்கனவே கையில இருக்கா? வீட்டுல யாராவது கேக்கத் தயங்கிக்கிட்டு ஒரு தேவையோட இருக்காங்களா? முதல் ரெண்டுக்கு "ஆமா", மூணாவதுக்கு "இல்லை"ன்னா கண்ணை மூடிக்கிட்டுக் கிளம்புங்க, எனக்கும் ஒரு போட்டோ அனுப்புங்க. மூணாவது கேள்விக்குப் பதில் தெரியலைன்னா, இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு ஒரு போன் போடுங்க.

தம்பி டாப்-அப் வாங்கல. தீபாவளி போனஸ்ல சித்தி வளையலைத் திருப்பப் போறேன்னு சொல்லியிருக்கான். வியட்நாமுக்குத் தனியா ஒரு ஆர்.டி. ஆரம்பிச்சிருக்கான், இப்போதைக்கு மாசம் 2,000. லோன் முடிஞ்சதும் அந்த 5,876-ஐயும் அதுலயே சேத்துருவேன்னு சொல்றான். அவன் எப்போ போறான்னு பாப்போம். போயிட்டு வந்ததும் அவனையே வீடியோவுல உக்கார வச்சுக் கணக்குக் கேப்போம்.